தொழில்நுட்பக் கையேட்டில் எழுத்து வடிவங்களையும் காட்சிக் குறிகளையும் அமைக்கும் முறை

தொழில்நுட்பக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிப்பவர் அரிது. இயந்திரம் நின்றுபோன வேளையிலோ, மென்பொருள் பிழைச் செய்தி காட்டிய வேளையிலோ தேவையான பக்கத்தைத் தேடிப் பிடித்து, ஒரு கண்ணைக் கையேட்டிலும் மறு கண்ணை வேலையிலும் வைத்துக்கொண்டுதான் அதைப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்ப்பவருக்கு எதைத் தட்டச்சு செய்ய வேண்டும், எது திரையில் தோன்றும், எது பொத்தானின் பெயர், எந்த இடத்தில் கை வைத்தால் ஆபத்து என்பவை வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்கு முன்பே கண்ணில் பட்டுவிட வேண்டும். தடித்த எழுத்து, சாய்வெழுத்து, எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தரும் சம அகல எழுத்துரு, கட்டம், நிறம், சின்னம் ஆகியவற்றுக்குக் கையேட்டில் உள்ள வேலை அதுதான். அழகு அதற்குப் பிறகு வருவது.

பெரும்பாலான கையேடுகளின் முன்பகுதியில், இந்த வடிவம் இன்ன பொருளைக் குறிக்கும் என்று விளக்கும் ஒரு பக்கம் இருக்கும். அதைப் படித்துவிட்டு உள்ளே வருபவர் மிகச் சிலரே. அந்தப் பக்கம் வேண்டாம் என்பதில்லை. ஐயம் வரும்போது திருப்பிப் பார்க்க அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதைப் பார்க்காதவருக்கும் குறிகள் தாமாகப் புரியும்படி அமைப்பதே நம் இலக்காக இருக்க வேண்டும். அந்தப் பக்கம் ஒரு முழுத் தாளைத் தாண்டி நீண்டால், குறிகளின் எண்ணிக்கை மிஞ்சிவிட்டது என்று கொள்ளலாம்.

முதலில் பொருள், பிறகு தோற்றம்

கையேடு எழுதத் தொடங்குபவர்கள் பொதுவாகச் செய்வது, எழுதிக்கொண்டே போகும்போது முக்கியம் என்று தோன்றுவதையெல்லாம் தடித்த எழுத்தாக்குவது. இப்படிச் செய்தால் பத்தாவது பக்கத்தில் பொத்தானின் பெயரும், இருபதாவது பக்கத்தில் எச்சரிக்கையும், முப்பதாவது பக்கத்தில் ஒரு கோப்பின் பெயரும் ஒரே தோற்றத்தில் நிற்கும். படிப்பவருக்கு அந்தத் தடிமன் எதையும் சொல்லாது. ஆகவே தோற்றத்தைத் தொடாமல், கையேட்டில் வரப்போகும் பொருள்வகைகளை முதலில் எழுதிக்கொள்ளவும். மென்பொருள் கையேடு என்றால் பயனர் தட்டச்சு செய்வது, கணினி பதிலாகக் காட்டுவது, பயனர் தமக்கேற்ப மாற்றி இட வேண்டிய இடம், பொத்தான் மற்றும் பட்டிகளின் பெயர், கோப்பின் பெயரும் பாதையும், விசைப்பலகையின் விசை, முதன்முறை வரும் கலைச்சொல், வேறு பகுதிக்கான சுட்டு என்று எட்டு வகை சாதாரணமாக வந்துவிடும்.

இந்தப் பகுப்பை நாமாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியிலேயே நிரல் துண்டுக்குக் கோட், பயனர் உள்ளிடுவதற்குக் கேபிடி, கணினியின் வெளியீட்டுக்குச் சாம்ப், மாறியின் பெயருக்கு வார் என்று தனித்தனி ஒட்டுகள் உள்ளன. கையேடுகளுக்கென்றே உருவான டாக்புக், டிட்டா ஆகிய அமைப்புகளில் இவை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. சொற்செயலியில் எழுதுபவரும் இதே வழியைப் பின்பற்றலாம். எழுத்துப் பாணிகளை உருவாக்கும்போது அவற்றுக்குத் ‘தடித்தது’, ‘நீலம்’ என்று பெயரிடாமல் ‘பொத்தான் பெயர்’, ‘கோப்புப் பாதை’ என்று பொருளால் பெயரிடவும். பிறகு ஒரு நாள் பொத்தான் பெயர்களை எல்லாம் வேறு தோற்றத்துக்கு மாற்ற நேர்ந்தால், ஓரிடத்தில் மாற்றினால் போதும். தோற்றத்தின் பெயரை வைத்திருந்தால், எந்தத் தடித்த எழுத்து எதற்காக இடப்பட்டது என்று பக்கம் பக்கமாகத் தேட வேண்டிவரும்.

எட்டு வகைப் பொருளுக்கு எட்டு வகைத் தோற்றம் கொடுத்துவிடக் கூடாது. வரிகளுக்கிடையே மூன்று அல்லது நான்கு தோற்றங்களுக்கு மேல் போனால் பக்கம் புள்ளிபுள்ளியாகத் தெரியும். எதுவும் தனித்து நிற்காது. வாக்கியமே வேறுபடுத்திக் காட்டும் வகைகளை ஒன்றாக இணைத்துவிடலாம். கோப்பின் பெயரும் கட்டளையின் பெயரும் ஒரே சம அகல எழுத்துருவில் இருந்தால் குழப்பமில்லை, ஏனெனில் ‘கோப்பைத் திறக்கவும்’, ‘கட்டளையை இயக்கவும்’ என்று வாக்கியமே சொல்லிவிடுகிறது. எந்த நிலையிலும் இணைக்கக் கூடாத இணை ஒன்று உண்டு: உள்ளபடியே தட்டச்சு செய்ய வேண்டியதும், மாற்றி இட வேண்டியதும். இவ்விரண்டும் ஒரே தோற்றத்தில் இருந்தால் ‘உங்கள்பெயர்’ என்றே தட்டச்சு செய்துவிட்டு, ஏன் உள்ளே நுழைய முடியவில்லை என்று கேட்பவர் நிச்சயம் வருவார். தவறு அவருடையது அன்று.

கட்டளை வரிகளை எழுதும் முறை

யூனிக்ஸ் என்னும் கணினி இயங்குதளத்துக்கு 1971இல் முதல் பதிப்பு வெளிவந்த கையேட்டின் வழியில் வளர்ந்த மரபை இன்றும் பல கையேடுகள் பின்பற்றுகின்றன. உள்ளபடியே இட வேண்டியது தடித்த எழுத்தில் வரும். மாற்றி இட வேண்டியது சாய்வெழுத்தில் அல்லது அடிக்கோட்டுடன் வரும். விரும்பினால் மட்டும் சேர்க்க வேண்டியது பகர அடைப்புக்குள் வரும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் செங்குத்துக் கோடு நிற்கும். மீண்டும் மீண்டும் வரக்கூடியதன் பின்னால் மூன்று புள்ளிகள் இருக்கும். ‘நகலெடு’ என்று ஒரு கட்டளை இருப்பதாகக் கொண்டால், அதன் அமைப்பு இப்படி அச்சாகும்:

நகலெடு [-வ | -ம] மூலக்கோப்பு... இலக்கு

பழகியவருக்கு இந்த ஒரு வரி அரைப் பக்க விளக்கத்துக்குச் சமம். பழகாதவர் பகர அடைப்பையும் சேர்த்தே தட்டச்சு செய்வார். ஆகவே அமைப்பு வரியைத் தனியாக விட்டுவிடாமல், அதன் கீழேயே உண்மையான கோப்புப் பெயர்களுடன் முழுமையான எடுத்துக்காட்டு ஒன்றைக் கொடுக்கவும். தொடக்கநிலைப் பயனருக்கான கையேடு என்றால் அமைப்பு வரியை விட்டுவிட்டு எடுத்துக்காட்டை மட்டும் தருவதே மேல் என்பது என் கருத்து.

மாற்றி இட வேண்டியதைக் காட்டக் கோண அடைப்பைப் பயன்படுத்துவோர் பலர். யூனிக்ஸ் வகைக் கட்டளை முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் சாளரத்தில், இது ஆபத்தானது. இடப்பக்கக் கோண அடைப்பு ‘இந்தக் கோப்பிலிருந்து படி’ என்றும், வலப்பக்கக் கோண அடைப்பு ‘இந்தக் கோப்பில் எழுது’ என்றும் முனையத்துக்குப் பொருள்படும். கையேட்டில் ‘காட்டு <கோப்பு> பட்டியல்’ என்று இருந்து, பயனர் அடைப்புக்குள் தம் கோப்பின் பெயரை இட்டு, அடைப்புகளை மட்டும் நீக்காமல் விட்டால், பட்டியல் என்ற பெயரில் ஏற்கெனவே இருந்த கோப்பு வெறுமையாகிவிடக்கூடும். கோண அடைப்பைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் ஒவ்வோர் அதிகாரத்திலும் முதல் எடுத்துக்காட்டை அடுத்து, ‘கோண அடைப்புகளைத் தட்டச்சு செய்ய வேண்டாம்’ என்று ஒரு வரி சேர்க்கவும்.

கட்டளையை எதிர்பார்த்து முனையம் வரியின் தொடக்கத்தில் காட்டும் தூண்டுகுறியிலும் இதே கவனம் தேவை. சாதாரணப் பயனருக்கு $ என்றும், நிர்வாகிக்கு # என்றும் இடுவது நெடுநாள் வழக்கம். பயனர் அந்த வரியை அப்படியே நகலெடுத்து ஒட்டினால், $ இருந்தால் பிழைச் செய்தியாவது வரும். # இருந்தாலோ, பாஷ் போன்ற முனையங்கள் முழு வரியையும் வெறும் கருத்துரையாகக் கொண்டு ஒன்றும் செய்யாமல் அமைதியாக இருந்துவிடும். பயனர் வேலை முடிந்தது என்று எண்ணி அடுத்த படிக்குப் போய்விடுவார். கட்டளையும் அதன் வெளியீடும் ஒரே கட்டத்துக்குள் கலந்து வரும்போது மட்டும் தூண்டுகுறியை இடவும். கட்டளை மட்டும் வரும் இடங்களில் அதை நீக்கிவிட்டு, நிர்வாகி உரிமை தேவை என்பதை மேலே சொற்களால் எழுதிவிடவும்.

சொற்செயலியின் தானியங்கித் திருத்தங்களைக் கட்டளைப் பகுதிகளில் அணைத்துவிட வேண்டும். நேர் மேற்கோள்குறியை அது வளைந்த மேற்கோள்குறியாக்கும். இரண்டு சிறுகோடுகளை ஒரு நீண்ட கோடாக்கும். அச்சில் இரண்டும் அழகாகவே தெரியும், முனையத்தில் இரண்டும் வேலை செய்யா. நீண்ட கட்டளையை இரண்டு வரியாக உடைக்க நேர்ந்தால், முனையமே ஏற்றுக்கொள்ளும் தொடர்குறியை, அதாவது பின்சாய்கோட்டை, வரியின் கடைசி எழுத்தாக இடவும். அதன் பின்னால் ஓர் இடைவெளி இருந்தாலும் அது தொடர்குறியாகச் செயல்படாது; முதல் வரியில் உள்ள அரைக் கட்டளை மட்டும் ஓடிவிடும்.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது. கோப்பின் பெயரோடும் பொத்தானின் பெயரோடும் வேற்றுமை உருபை ஒட்டினால் பெயர் எங்கே முடிகிறது என்பது மங்கிவிடும். திரையில் ‘சேமி’ என்று இருக்கும் பொத்தானை ‘சேமியை அழுத்தவும்’ என்றோ, ஒற்று மிகுத்துச் ‘சேமிப் பொத்தானை அழுத்தவும்’ என்றோ எழுதினால், திரையில் இல்லாத ஒரு சொல்லைப் படிப்பவர் தேட நேரும். ‘சேமி என்னும் பொத்தானை அழுத்தவும்’, ‘அமைப்பு என்ற கோப்பைத் திறக்கவும்’ என்று இடையில் ஒரு சொல்லைப் போட்டுப் பிரித்துவிட்டால் பெயர் கலப்பின்றி நிற்கும், இலக்கணமும் கெடாது. பெயருக்குள் சந்தி புகக் கூடாது என்பதைக் கையேட்டின் நடைவிதியாகவே எழுதி வைக்கவும். இதேபோல, வாக்கியத்தின் முடிவில் கட்டளை வந்தால் அதை அடுத்து நிற்கும் முற்றுப்புள்ளியும் கட்டளையின் பகுதியாகத் தோன்றும். கட்டளையைத் தனி வரிக்குக் கொண்டுபோவது எளிய தீர்வு.

தமிழ் எழுத்துக்குப் பொருந்துபவையும் பொருந்தாதவையும்

ஆங்கிலக் கையேடுகளின் மரபை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு முதல் காரணம், தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை என்பது. இணையத் தொழில்நுட்ப வரையறைகளில் 1997ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2119 என்னும் ஆவணம், கட்டாயம், பரிந்துரை, விருப்பம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களை வரையறுத்தது. அவை முழுவதும் பெரிய எழுத்தில் வரும்போது மட்டுமே அந்தச் சிறப்புப் பொருளைத் தரும் என்று 2017இல் ஆர்எஃப்சி 8174 தெளிவாக்கியது. தமிழில் அந்த வசதி இல்லாததால் சொல்லமைப்பையே நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும். கட்டாயமானதற்கு ‘வேண்டும்’, பரிந்துரைக்கு ‘நல்லது’, விருப்பத்துக்கு ‘செய்யலாம்’ என்று முடிவு செய்துவிட்டால், நடை சலிப்பாக இருக்கிறது என்பதற்காக இடையில் மாற்றக் கூடாது.

அடுத்தது சாய்வெழுத்து. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வுக்கென்று வரையப்பட்ட தனி வடிவம் இல்லை. மென்பொருள் நேர் எழுத்தையே பக்கவாட்டில் சரித்துக் காட்டுகிறது. வளைவுகள் மிகுந்த நம் எழுத்துகள் அப்படிச் சரியும்போது சிறிய அளவில் படிக்கச் சிரமமாகும். சாய்ந்திருக்கிறதா இல்லையா என்பதே தெளிவாகத் தெரியாத சொற்களும் உண்டு. ஆகவே மாற்றி இட வேண்டிய இடங்களுக்குச் சாய்வை நம்பாமல், வெளிர் சாம்பல் பின்புலத்தையோ தனிவகை அடைப்பையோ பயன்படுத்தலாம். அடிக்கோடும் தமிழுக்கு உகந்ததன்று. ‘ழு’, ‘ஞ’, ‘பு’ போன்ற எழுத்துகளில் வரிக்குக் கீழே இறங்கும் பகுதியைக் கோடு வெட்டிச் செல்லும். போதாக்குறைக்குத் திரையில் அடிக்கோடு என்றாலே இணைப்பு என்று எண்ணிச் சொடுக்குவார்கள். தடித்த எழுத்து பயன்படும் என்றாலும், ‘ண’, ‘ஊ’ போன்றவற்றின் சுழிகள் அடைந்துபோகாத அளவுக்கு எழுத்து பெரியதாக இருக்க வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துருவின் தடித்த வடிவத்தை, அச்சாகப்போகும் அளவிலேயே ஒரு பத்தி அச்சிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யவும்.

சம அகல எழுத்துரு என்பது ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலம் தருவது. ‘ர’வும் ‘ணௌ’வும் ஒரே அகலத்தில் அடங்கா. எனவே தமிழ்ச் சொற்கள் கலந்த வெளியீட்டை இடைவெளி கொண்டு நேர்ப்படுத்த முயலாமல் அட்டவணையாக்கிவிடவும். ரோமன் எழுத்தில் வரும் கட்டளைகளுக்குச் சம அகல எழுத்துரு கட்டாயம். அதிலும் சுழியமும் ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தும், ஒன்று என்ற இலக்கமும் சிறிய ‘எல்’ எழுத்தும் பெரிய ‘ஐ’ எழுத்தும் ஒன்றோடொன்று குழம்பாத எழுத்துருவாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவும். கடவுச்சொல், உரிம எண், பாகத்தின் எண் ஆகியவற்றைத் தரும் பக்கங்களில் இந்த வேறுபாடு நேரடியாகவே பயனரின் நேரத்தைக் காப்பாற்றும்.

விசைகளைக் குறிப்பதில் வேண்டியது ஒரே ஒரு விதி. சேர்த்து அழுத்த வேண்டியவற்றுக்கிடையே கூட்டல் குறி. ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த வேண்டியவற்றுக்கிடையே காற்புள்ளி. ‘கன்ட்ரோல்+எஸ்’ என்பதும் ‘ஆல்ட், எஃப்’ என்பதும் வேறு வேறு செயல்கள்.

எச்சரிக்கைகள்

இந்தப் பகுதியில் மட்டும் சொந்த ரசனைக்கு இடமில்லை. அமெரிக்கத் தேசியத் தர நிறுவனமான ஆன்சியின் இசட்535 வரிசை எச்சரிக்கைச் சொற்களுக்குப் படிநிலை வகுத்திருக்கிறது, அதில் இசட்535.6, கையேடுகளில் வரும் பாதுகாப்புத் தகவலுக்காக 2006இல் வெளியானது. தவிர்க்காவிட்டால் மரணமோ கடுங்காயமோ நேர்ந்தே தீரும் என்ற நிலைக்கு ‘அபாயம்’, சிவப்பில். நேரக்கூடும் என்ற நிலைக்கு ‘எச்சரிக்கை’, ஆரஞ்சில். சிறு அல்லது நடுத்தரக் காயம் நேரக்கூடும் என்ற நிலைக்குக் ‘கவனம்’, மஞ்சளில். ஆளுக்குக் காயமில்லை, பொருளுக்குத்தான் சேதம் என்ற நிலைக்கு ‘அறிவிப்பு’, நீலத்தில். வியப்புக்குறி கொண்ட முக்கோணம் முதல் மூன்றுக்கு மட்டுமே உரியது.

இராணுவ, விமானப் பராமரிப்புக் கையேடுகளின் மரபில் இதே சொற்கள் சற்று வேறாகப் பிரிகின்றன. அங்கே எச்சரிக்கை என்றால் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து, கவனம் என்றால் கருவிக்குச் சேதம். ஒரே துறையில் பழகியவர் இன்னொரு துறையின் கையேட்டைப் பார்த்தால் ‘கவனம்’ என்ற சொல்லைத் தவறாக எடைபோடலாம். முன்பகுதிப் பக்கத்தில் கட்டாயம் விளக்க வேண்டியது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், இந்தச் சொற்களின் வரையறையைத்தான் சொல்வேன்.

சின்னங்களின் வடிவமும் நிறமும் பன்னாட்டுத் தர அமைப்பின் ஐஎஸ்ஓ 3864, ஐஎஸ்ஓ 7010 ஆகிய தரங்களில் முடிவானவை. மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கும்; குறுக்குக்கோடிட்ட சிவப்பு வட்டம் தடை செய்யும்; நீல வட்டம் கையுறை, கண்ணாடி அணிதல் போன்ற கட்டாயச் செயலைச் சொல்லும்; பச்சைச் சதுரம் முதலுதவி, வெளியேறும் வழி போன்றவற்றைக் காட்டும். இவை இருக்கும்போது புதிய சின்னம் வரைவது வீண் வேலை மட்டுமன்று, தீங்கும்கூட.

இடம் மிக முக்கியம். ஒரு நீரேற்றியின் வடிகட்டியைத் துப்புரவு செய்யும் படி கையேடு ஒன்றில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

4. மேல்மூடியைத் திறந்து வடிகட்டியை வெளியே எடுக்கவும். குறிப்பு: திறப்பதற்கு முன் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருப்பதை உறுதி செய்துகொள்ளவும்.

கையில் திருப்புளியுடன் நிற்பவர் முதல் வாக்கியத்தைப் படித்தவுடன் மூடியைத் திறந்துவிடுவார். குறிப்பைப் படிக்கும்போது காலம் கடந்திருக்கும். மேலும், உயிராபத்தான ஒன்று இங்கே ‘குறிப்பு’ என்ற பெயரில் ஒளிந்திருக்கிறது. திருத்தினால் இப்படி வரும்:

எச்சரிக்கை: மூடிக்குள் மின்னோட்டமுள்ள முனைகள் உள்ளன. தொட்டால் மின்னதிர்ச்சியால் உயிரிழப்பு நேரலாம். மூடியைத் திறப்பதற்கு முன் முதன்மை மின்விசையை அணைத்துப் பூட்டவும்.

4. முதன்மை மின்விசையை அணைத்துப் பூட்டவும்.
5. மேல்மூடியைத் திறக்கவும்.
6. வடிகட்டியை வெளியே எடுக்கவும்.

எச்சரிக்கை படிக்கு முன்னால் வந்துவிட்டது. ஆபத்து என்ன, விளைவு என்ன, தவிர்ப்பது எப்படி என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. மின்சாரத்தைத் துண்டிப்பது குறிப்பாக இல்லாமல் எண்ணிட்ட படியாகவே ஆகிவிட்டது. கட்டமும் நிறமும் இதற்குப் பிறகு சேர்க்க வேண்டியவை. ஒரே பக்கத்தில் நான்கைந்து எச்சரிக்கைக் கட்டங்கள் வந்தால், அவற்றில் எவை உண்மையில் அறிவிப்புகள் என்று பார்த்துத் தரம் இறக்கவும். பொதுவானவற்றை அதிகாரத்தின் தொடக்கத்தில் ஒருமுறை சொன்னால் போதும்.

படங்களும் நிறமும்

பாகங்களைச் சுட்டும் எண்கள் படத்தைச் சுற்றி ஒரே திசையில், வரிசையாகச் செல்ல வேண்டும். சுட்டுக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. பொறியியல் வரைபடத்தில் தொடர்ச்சியான தடித்த கோடு கண்ணுக்குத் தெரியும் விளிம்பையும், விட்டுவிட்டு வரும் கோடு மறைந்த விளிம்பையும், நெடுங்கீறும் புள்ளியும் மாறிமாறி வரும் கோடு மையத்தையும் குறிக்கும் என்பதால், சுட்டுக்கோடு இவற்றில் எதையும் ஒத்திராமல் மெல்லியதாக இருக்க வேண்டும். திருப்பு, தள்ளு என்று அசைவைக் காட்டும் அம்புக்குறியைப் பருமனாக வரைந்து, பாகத்தைச் சுட்டும் மெல்லிய அம்பிலிருந்து வேறுபடுத்தவும். படத்தில் 7 என்று இருக்கும் பாகம் உரையிலும் அதே எண்ணுடன், அதே பெயருடன் வர வேண்டும்.

நிறத்தை எங்கும் துணையாக மட்டுமே வைத்துக்கொள்ளவும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத வாசகர்கள் இருக்கிறார்கள். வண்ணக் கையேட்டைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துப் பணியிடத்தில் ஒட்டிவைப்பவர்களும் இருக்கிறார்கள். ‘சிவப்புக் கம்பியைக் கழற்றவும்’ என்பதோடு முனையின் எண்ணையும் சேர்த்து எழுதினால் இருவருக்கும் உதவும். இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டு நெறிகள் சாதாரண எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிவேறுபாட்டையும், 18 புள்ளியோ தடித்த 14 புள்ளியோ அதற்கு மேலோ உள்ள எழுத்துக்கு 3:1 ஒளிவேறுபாட்டையும் கேட்கின்றன. மஞ்சள் பட்டையில் வெள்ளை எழுத்து இதில் தேறாது. ‘கவனம்’ என்ற சொல் மஞ்சளின் மேல் கறுப்பில் வருவது இதனால்தான். கையேட்டை வெளியிடுவதற்கு முன் சில பக்கங்களைச் சாம்பல் நிறத்தில் அச்சிட்டு, எந்தக் குறி மறைந்துபோகிறது என்று பார்க்கவும்.

திருத்திய பதிப்பு வெளியிடும்போது, மாறிய பத்திகளின் ஓரத்தில் செங்குத்துக் கோடு இடுவது விமானத்துறைக் கையேடுகளில் வேரூன்றிய வழக்கம். மற்றத் துறைகளும் இதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம், ஏனெனில் பழைய பதிப்பில் பழகிய பணியாளர் எதை மட்டும் புதிதாகப் படிக்க வேண்டும் என்பதை வேறு எந்தக் குறியும் இவ்வளவு விரைவாகச் சொல்வதில்லை. அடுத்த பதிப்பு தயாராகும்போது முந்தைய கோடுகளை நீக்கிவிட்டுப் புதிய மாற்றங்களுக்கு மட்டும் கோடு இடவும். எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கும் பக்க எண் மாறியதற்கும் கோடு வேண்டியதில்லை.